சுமைதாங்கிக் கல்லும் உப்பு வணிகனும்

வண்டிகள் குறைவாகவும் தலைச்சுமைகள் அதிகமாகவும் இருந்த காலம் அது. கடற்கரையில் விளைந்த உப்பு மனிதர்களின் தலையில் ஏறி ஊர் ஊராய் நடந்தது. பெரியவர்களே, பிள்ளைகளே, அந்தக் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

உப்பளத்துக்கும் ஆற்றுத் துறைக்கும் நடுவே ஒரு மேட்டுப் பாதை இருந்தது. மேட்டின் உச்சியில் ஒரு சுமைதாங்கி. இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். பிள்ளை பெறாமலே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக ஊரார் நட்டது. அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை மற்றவர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று நட்டார்களாம். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யாரையும் கைகொடுக்கக் கூப்பிட வேண்டாம். சுமையை அப்படியே கல்லின் மேல் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம்.

சேந்தன் என்ற உப்பு வணிகனுக்கு அந்தக் கல்லைச் சிறு வயதிலிருந்தே தெரியும். அவன் தாய் உப்புக்கூடை சுமந்தவள். வழி முழுவதும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவான். தூக்கச் சொல்லி அழுவான். அவளால் தூக்க முடியாது. சுமைதாங்கி வந்ததும் அவள் கூடையை இறக்குவாள். கைகளை உதறுவாள். பிறகு அவனைத் தூக்கிக்கொள்வாள். அந்தப் பாதையில் அம்மாவின் இரண்டு கைகளும் அவனுக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

கூடையை இறக்கும் முன் தூணின் அடியிலிருந்த ஒரு கல்லை அவள் குதிகாலால் மிதித்துப் பார்ப்பாள். தூண் சாயாமலிருக்க அணைவாகச் செருகிய கல் அது. தேங்காய் அளவுதான் இருக்கும்.

"ஏம்மா அதை மிதிக்கிற?"

"அசையுதான்னு பார்க்கிறேன். நமக்குப் பின்னால வர்றவளுக்கும் தலை ஒண்ணுதானடா."

காலம் போயிற்று. தாயும் போனாள். சேந்தன் பத்து மாட்டு வண்டிகளுக்கு உடையவன் ஆனான். ஆனாலும் ஆண்டின் முதல் உப்பை மட்டும் தானே ஓட்டிக்கொண்டு போவான். அம்மா நடந்த பாதையில் ஆண்டுக்கு ஒருமுறையாவது போக வேண்டும் என்பது அவன் ஆசை.

அப்படி ஓர் ஆண்டு போகும்போது, மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தினான். அம்மா நின்ற இடத்தில் நின்றான். பலகைக்கல்லைத் தடவினான். பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன, கண் நிறைந்தது. அந்த நேரம் பார்த்து வண்டி மெல்லச் சரிவில் உருளத் தொடங்கியது. சக்கரத்துக்குத் தடை வைக்கக் கல் தேடினான். சுற்றிலும் முட்புதர். காலடியில் கைக்கு அடக்கமாக ஒரு கல் இருந்தது. அதைப் பிடுங்கிச் சக்கரத்தின் கீழ் வைத்தான். திரும்பி வந்து இன்னும் கொஞ்ச நேரம் அம்மாவை நினைத்துக்கொண்டு நின்றான்.

பிறகு மாடுகளை அதட்டினான். சக்கரம் கல்லின் மேல் ஏறி இறங்கியது. வண்டி போய்விட்டது. கல் பாதையிலேயே கிடந்தது. தூண் அப்போது அசையவில்லை. அதனால் அவன் மனமும் அசையவில்லை.

அவனுக்குப் பின்னால், பொழுது சாயும் நேரத்தில் நாச்சி வந்தாள். துறை விளக்குக்கு அன்றாடம் எண்ணெய் கொண்டுபோகிறவள் அவள். வழக்கம்போல எண்ணெய்க் குடத்தைப் பலகைக்கல்லின் மேல் நகர்த்தினாள். தூண் சாய்ந்தது. குடம் உடைந்தது. எண்ணெயை மண் குடித்தது.

எண்ணெய் இல்லாததால் துறையில் விளக்கு எரியவில்லை. விளக்கு எரியாததால் அக்கரையிலிருந்து படகு வரவில்லை. படகு வராததால் சேந்தனின் உப்பு இக்கரையிலேயே நின்றது. அன்று இரவு பார்த்துக் கோடை மழை கொட்டியது. விடிந்தபோது மூட்டைகள் இளைத்துக் கிடந்தன. வண்டியின் கீழே ஓடிய தண்ணீர் கரித்தது.

மன்னர் அப்போது துறையில் தங்கியிருந்து வழக்குகள் கேட்டுக்கொண்டிருந்தார். சேந்தன் நேரே அவரிடம் போனான்.

"அரசே, இந்த எண்ணெய்க்காரியின் அலட்சியத்தால் என் உப்பு ஆற்றோடு போயிற்று. இதற்குக் காரணமானவர் இனி இந்தப் பாதையில் பிழைக்கக் கூடாது."

கூட்டத்தில் நாச்சியும் நின்றாள். அந்த எண்ணெய் வேலை ஒன்றுதான் அவள் வீட்டு அடுப்பை எரியவைத்தது.

மன்னர் அவசரப்படவில்லை. முதலில் ஓடக்காரன் கோடனைக் கேட்டார். "ஏன் படகை விடவில்லை?"

"விளக்கில்லாத துறைக்குப் படகு விட்டால் ஆற்றுக்குத்தான் விருந்து, அரசே. எனக்கு நீந்தத் தெரியும். ஏறுகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. இதோ நிற்கிறானே காரி, இவனும் நேற்று அக்கரையில்தான் நின்றான். தாய்க்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு ஓடிவந்தவன். விடியும்வரை கரையில் நடந்துகொண்டே இருந்தான். முதல் ஆளாக இவனைத்தான் ஏற்றி வந்தேன்."

எல்லோரும் காரியைப் பார்த்தார்கள்.

"அம்மாவைப் பார்த்தாயா?" என்றார் மன்னர்.

"நான் பார்த்தேன், அரசே. அவள் என்னைப் பார்க்கவில்லை."

"உனக்கு என்ன நீதி வேண்டும்?"

"எதைக் கேட்பது?" என்றான் காரி.

மன்னர் கோடன் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார். "படகு நின்றது. அதற்கு முன்?"

"விளக்கு எரியவில்லை," என்றான் கோடன்.

"அதற்கு முன்?"

"எண்ணெய் கொட்டிவிட்டது," என்றாள் நாச்சி.

"அதற்கு முன்?"

"கல் சாய்ந்தது, அரசே. தினம் தினம் நான் சுமை இறக்குகிற கல். நேற்றுத்தான் சாய்ந்தது."

"கல்லின் மேல் பழி போடு," என்றான் சேந்தன். "அதற்குத்தான் வாய் இல்லையே."

"வாருங்கள், அந்தக் கல்லிடமே கேட்போம்," என்று மன்னர் எழுந்தார்.

மேட்டின் உச்சிக்குப் போய்ப் பார்த்தார்கள். தூண் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் அடியில் ஒரு வெற்றுக் குழி. சற்றுத் தள்ளிப் பாதையில் அந்தச் சிறு கல் கிடந்தது. அதன் முதுகில் சக்கரத்தின் இரும்புப் பட்டை கீறிய தடம்.

மன்னர் அதைக் கையில் எடுத்தார். "யாரோ வண்டிக்கு முட்டுக்கொடுக்க எடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த வழியாக எத்தனையோ வண்டிகள் போகின்றன. எந்த வண்டி என்று யார் சொல்வது?"

யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவன் ஒருவன்தான் அங்கே இருந்தான்.

"அப்படியானால் என் கண்ணுக்குத் தெரிகிறவள் நாச்சி ஒருத்திதான். வணிகரே, வழக்கு உங்களுடையது. நீங்கள் கேட்டபடியே தீர்ப்புச் சொல்லிவிடட்டுமா?"

'ஆம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். சேந்தன் நிம்மதியாக வீடு போய்ச் சேரலாம். அவன் நாச்சியைப் பார்த்தான். காரியைப் பார்த்தான். மன்னர் கையிலிருந்த கல்லைப் பார்த்தான். அம்மாவின் குதிகால் மிதித்து மிதித்து ஒருபக்கம் வழவழத்துப் போன கல்.

"வேண்டாம், அரசே. அதை எடுத்தவன் நான்," என்றான். "என் அம்மாவை நினைத்துக்கொண்டேதான் எடுத்தேன்."

காரி அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"காரணமானவர் இந்தப் பாதையில் பிழைக்கக் கூடாது என்று சொன்னது உங்கள் வாய்," என்றார் மன்னர். "உண்மையைச் சொன்னதும் அதே வாய். ஆகையால் உங்கள் வண்டிக்கு இனி இந்தப் பாதை இல்லை. தலைக்கும் காலுக்கும் உண்டு."

"வணிகர் கழுத்து தாங்குமா?" என்று கோடன் மெல்லக் கேட்டான்.

"பழகிடும்," என்றாள் நாச்சி. "நான் மட்டும் என்ன, குடத்தோடவா பொறந்தேன்?"

சேந்தன் தன் கையாலேயே கல்லைக் குழியில் செருகினான். கோடனும் காரியும் தூணை நிமிர்த்திப் பிடித்தார்கள். நாச்சிக்குப் புதுக் குடமும் குடம் நிறைய எண்ணெயும் வாங்கிக் கொடுத்தான். காரிக்குக் கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை.

அடுத்த ஆண்டின் முதல் உப்பு விளைந்தது. பரணில் கிடந்த அம்மாவின் கூடையை எடுத்து, உப்பை நிரப்பி, தலையில் வைத்து, சேந்தன் அந்த மேட்டில் ஏறினான். கழுத்து வலித்தது. கண்ணில் வியர்வை இறங்கியது. துடைக்கக் கை இல்லை. சுமைதாங்கி வந்ததும் அடிக்கல்லைக் குதிகாலால் மிதித்துப் பார்த்தான். அசையவில்லை. கூடையை இறக்கினான். கைகளை உதறினான். இரண்டு கைகளும் காலியாக இருந்தன. தூக்கிக்கொள்ளப் பிள்ளையும் இல்லை, தூக்கிக்கொள்ள அம்மாவும் இல்லை.

அப்போது கீழே, யாரோ சுமையோடு மேடு ஏறிவரும் மூச்சுச் சத்தம் கேட்டது. யாரென்று அவன் எட்டிப் பார்க்கவில்லை. கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இடம் விட்டான். போவதற்கு முன் அந்தக் கல்லை இன்னொரு முறை மிதித்துப் பார்த்தான்.

ஆகவே, கேட்டவர்களே, நாம் யோசிக்காமல் அசைத்துவிட்டுப் போகும் சிறு கல், நாம் பார்த்தே இராத ஒருவரின் சுமையைச் சாய்த்துவிடும் என்பதால், எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.