பதினாறு சுற்றும் ஓர் ஈர்க்குச்சியும்

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

ராசிபுரத்தில் தறி ஓட்டுகிற செங்கோட்டுவேலிடம் ஒரு பழைய கார் இருந்தது. அவர் மனைவி பூங்கோதை. இரண்டு மாதக் கைக்குழந்தைக்குப் பிறவியிலேயே இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. திங்கட்கிழமைதோறும் சேலத்து ஆஸ்பத்திரியில் பழைய மாவுக்கட்டைப் பிரித்து, பாதத்தைக் கொஞ்சம் நேராக்கி, புதுக்கட்டுப் போடுவார்கள். ஒரு வாரம் விட்டாலும் பட்ட பாடு வீண் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரம் பஸ்ஸில் போனார்கள். கட்டு இன்னும் ஈரமாக இருப்பது பூங்கோதைக்குத் தெரிந்தது. நர்ஸம்மா கிளம்பலாம் என்றதும் கிளம்பிவிட்டாள். பஸ் நெரிசலில் கட்டு நசுங்கி, பாதி வழியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போக வேண்டியதாயிற்று. அதனால் இந்த வாரம் காரில்தான் என்று முடிவு.

காருக்கோ ஸ்டியரிங்கில் ஆட்டம். முன்சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் நுனியில் ஒரு குண்டு மூட்டு உண்டு. 'டை ராடு எண்டு' என்பார்கள். இடது பக்கத்து மூட்டு தேய்ந்துபோய் லொடலொடவென்று ஆடியது. பட்டறையில் புதன்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை போகிறவருக்குப் புதன்கிழமை எதற்கு? புது மூட்டை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே காரை ஜாக்கியில் தூக்கிவிட்டார். கூடமாட அவருடைய தங்கை புருசன் அர்த்தனாரி.

"தறியவே பிரிச்சுப் பூட்டறவன் நானு. இதென்ன மச்சான், சுண்டக்கா" என்றான் அர்த்தனாரி.

சுண்டைக்காய் கழன்று வர மதியம் ஆகிவிட்டது. நட்டு துருப்பிடித்துச் சுற்றவில்லை. சுற்றிய பிறகு மூட்டு விடவில்லை. சுத்தியல் வழுக்கிச் செங்கோட்டுவேலின் கட்டைவிரல் நசுங்கியது. சத்தத்தில் குழந்தை தூங்காமல் அழுதது.

மூட்டின் வாய் கம்பிமேல் எதுவரை ஏறியிருந்ததோ, அந்த இடத்தில் பூங்கோதையின் நகப்பாலிஷை வாங்கி அர்த்தனாரி ஒரு கோடு போட்டான். செங்கோட்டுவேல் பழைய மூட்டைத் திருகிக் கழற்றும்போது வாய்விட்டு எண்ணினார். பதினாறு சுற்று. அதே பதினாறு சுற்றுக்குப் புதியதை ஏற்றினால் சக்கரம் பழையபடி நேராக நிற்கும் என்பது இருவர் கணக்கும்.

மசகைத் துடைக்கத் துணி கொண்டுவந்த பூங்கோதை, துவைக்கிற கல்லின் மேல் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்தாள். வளையலுக்கு அளவெடுக்கிற மாதிரி, பழையதன் வாயிலிருந்து குண்டுவரை ஓர் ஈர்க்குச்சியை வைத்து ஒடித்தாள். அதே குச்சியைப் புதியதில் வைத்தால், குச்சி சுண்டுவிரல் நகமளவு பற்றவில்லை.

அதற்குள் செங்கோட்டுவேல் புதியதை எடுத்துத் திருக ஆரம்பித்திருந்தார். "ஏனுங் மாமா, இது கொஞ்சம்..." என்றாள்.

"பேசாத புள்ள, எண்ணீட்டிருக்கறன். ஒம்போது... பத்து..."

அவள் குச்சியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பதினாறாவது சுற்றில் மூட்டின் வாய் சரியாக நகப்பாலிஷ் கோட்டைத் தொட்டது. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். சக்கரத்தைப் பூட்டித் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் போயிருந்தது. ஆனால் வண்டி சோத்தாங்கைப் பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால், இடது சக்கரம் உள்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

"பள்ளிக்கூடத்துலயே மச்சான் பத்துக்கு மேல எண்ணி நான் பார்த்ததில்ல" என்றான் அர்த்தனாரி.

"உன்ற கோடு ஈசிக் கலைஞ்சு போயிருக்கும் மாப்ள. மொதல்ல உன்ற கண்ணப் பாரு."

மறுபடி ஜாக்கி. மறுபடி கழற்றினார்கள். எண்ணினால் பதினாறு, கோட்டைப் பார்த்தால் கோடு. இரண்டும் பொய் சொல்லவில்லை. திரும்பப் பூட்டி ஓட்டினார்கள். வண்டி மறுபடியும் சோத்தாங்கைப் பக்கமே போனது. அர்த்தனாரி ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் கை கழுவப் போனான். செங்கோட்டுவேல் நசுங்கிய விரலை வாயில் வைத்தபடி, "நாளைக்கும் பஸ்ஸுதான்" என்றார். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பூங்கோதையின் முந்தானை முடிச்சில் அந்த ஈர்க்குச்சி இருந்தது. இப்போது சொன்னால், "அப்பவே சொல்றதுக்கென்ன" என்பார்கள். அதை நினைத்து நின்றாள்.

எண்ணியவர் சரியாக எண்ணினார். கோடு போட்டவன் சரியாகப் போட்டான். பார்த்தவளும் சரியாகத்தான் பார்த்தாள். மூன்று பேரும் சரியாக இருக்கச் சக்கரம் கோணியதே, இதில் தவறு யாருடையது? கையிலிருக்கிற ஈர்க்குச்சியை நீட்டி விடை சொல்லுங்கள்.

விடை: நீளமான சாமான் கொடுத்த கடைக்காரர் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. அது அந்த வண்டிக்கு ஆகிற சாமான்தான்; நாலு சுற்று கூட உள்ளே ஏற்றினால் போதும். ஆண்கள் இருவரும் பழைய மூட்டு நின்ற இடத்தை அளந்தார்கள், மூட்டை அளக்கவில்லை. அது தெரியாமல் செய்த தவறு. பூங்கோதை அளந்தாள், தெரிந்தும் ஒரே அதட்டலில் வாயை மூடிக்கொண்டாள். பெரிய தவறு அவளுடையதுதான் என்று நான் சொல்வேன். எண்ணுகிறவர் இருபதுக்குள் எண்ணி முடித்துவிடுவார், அதன் பிறகாவது சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் குச்சியை நீட்டிச் சொன்னாள். பயந்த மாதிரியே, "அப்பவே சொல்றதுக்கென்ன" என்றுதான் கேட்டார்கள். கேட்டுவிட்டு நாலு சுற்று ஏற்றினார்கள். காலையில் வண்டி மெதுவாகச் சேலம் போய்ச் சேர்ந்தது; மிச்சம் இருந்த கோணலை அங்கே ஒரு கடையில் மிஷின் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடித்து, "கிளம்பலாம்மா" என்றார் நர்ஸம்மா. பூங்கோதை கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் காயலீங்க. செத்த நேரம் இருந்துட்டுப் போறோம்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.