சேனை வைத்த விரல்

ஊர்த் தலைவர் மாசிலாமணிக்கு மைக் கிடைத்தால் போதும், "வந்தேறிகளே வெளியேறுங்கள்!" என்று முழங்குவார். ராவுத்தர் தெருக்காரர்கள் காலி செய்ய வேண்டும் என்று கெடுவும் வைத்துவிட்டார்.

அந்த வாரம் அவருக்குப் பேரன் பிறந்தான். பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம்.

வேலைக்காரி வேலுத்தாயை அழைத்தார். "பேரன் அப்படியே என்னை மாதிரி வரணும். கலப்பில்லாத கையாப் பாத்துக் கூட்டிட்டு வா. இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை."

"அப்போ உங்களுக்குச் சேனை வச்ச கைதானே ஐயா சரி?"

"அந்த மகராசி இன்னும் இருக்காங்களா? உடனே கூட்டிட்டு வா!"

கட்டிய மூட்டையைப் போட்டுவிட்டு ராவுத்தர் தெருவிலிருந்து வந்தாள் கிழவி ரகமத் பீவி.

"இவங்களா?" தலைவர் முகம் கறுத்தது.

"பொறந்தப்ப நீ அழவே இல்லை ராசா," என்றாள் கிழவி. "என் விரலைச் சப்பின பிறகுதான் அழுதே. உங்கம்மாவும் கூடவே அழுதா."

வாசலில் தொண்டர்கள் வாய் பிளந்து நின்றார்கள்.

"உங்க குணத்துல கலப்பு இருக்குன்னா சொல்லுங்க ஐயா," என்றாள் வேலுத்தாய். "வேற கை பாக்கறேன்."

தலைவர் செம்பை எடுத்து, கிழவி கை கழுவத் தானே தண்ணீர் ஊற்றினார்.

"அவங்க மூட்டையை யாருங்கய்யா அவிழ்க்கிறது?" என்றாள் வேலுத்தாய்.

"நான்தானே கட்ட வச்சேன்," என்றார் தலைவர். "நானே போய் அவிழ்க்கிறேன்."