ஓடைத்தெருவுக்கு வந்த உதவி

சிதம்பரதாணு பதினொரு நகராட்சிகளுக்கு மேலதிகாரியாக இருக்கும் மண்டல இயக்குநர். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் குப்பை லாரி ஓடாவிட்டாலும் அந்த ஊர்களின் ஆணையர்கள் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். மனைவி இறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்து மடத்துக்குப் போய் உலகம்மையைப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

உலகம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். வருகிறவர்களோடு சேர்ந்து மடத்து வேலைகளைச் செய்வார். கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்காததற்குச் சொல்ல மாட்டார். சிதம்பரதாணு அவரை அம்மா என்று அழைத்தார். அவர் இவரை ஐயா என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சிதம்பரதாணு எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு கட்டைப் பிரித்தார்.

"பூவாணிநல்லூர்ல வெள்ளம் வந்துடுச்சும்மா. முந்தாநாள் நானே நேர்ல போயிட்டேன். ஆபீஸ்ல உக்காந்து உத்தரவு மட்டும் போடுறவன் இல்ல நான். ஒரு ஊர் கஷ்டத்துல இருக்கும்போது மேல இருக்கிறவன் பக்கத்துல போய் நிக்கணும். சரிதானேம்மா?"

"போய் என்ன பாத்தீங்க?"

"ரோடு பளிச்சுன்னு இருந்துது. சொட்டுத் தண்ணி இல்ல. ரெண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தாங்க. ஆணையர் சேர்மதுரையை எல்லார் முன்னாலயும் பாராட்டிட்டு வந்தேன்."

"யார் யார் இருந்தாங்க?"

"எல்லாருமே இருந்தாங்க. ஆணையர், இன்ஜினீயர், சுகாதார ஆய்வாளர், துப்புரவுப் பணியாளருங்க. ஒருத்தர் விடாம வரிசையா நின்னாங்க."

உலகம்மை ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"அப்ப தண்ணிக்குள்ள யாரு இருந்தா?"

சிதம்பரதாணு கையிலிருந்த கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகம்மை எழுந்து கை கழுவினார். "போய்ப் பாத்துட்டு வருவோம். கார் வேண்டாம்."

பூவாணிநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்து வழியாக நடந்தார்கள். ஓடைத்தெரு, வெள்ளிக்கிழமை சிதம்பரதாணு வந்து நின்ற பெரிய ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அன்றைக்கு அவரை யாரும் இந்தப் பக்கம் கூட்டி வரவில்லை. வேறு எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அவரும் கேட்கவில்லை.

தெரு முனையிலேயே தண்ணீர் கெண்டைக்காலுக்கு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். முதல் வீட்டில் ஒரு பெண் சட்டியால் தண்ணீரை மொண்டு வாசலுக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். உள்ளே யாரோ அவளைப் பாத்துமுத்து என்று கூப்பிட்டார்கள். இவர்களைப் பார்த்ததும் அவள் இடுப்பை நிமிர்த்தி நின்றாள்.

"தண்ணி இன்னும் வடியலையா?" என்று உலகம்மை கேட்டார்.

"வடிஞ்சுதுல்லா. வியாழக்கிழமை பொழுதடைய வாசப்படிக்குக் கீழ போயிட்டு. எம் மக பிள்ளை பெத்து வந்திருக்கா. கட்டிலுக்கு முட்டுக் குடுத்திருந்த செங்கலை எடுத்துட்டுக் கீழ எறக்கிப் போட்டோம். அப்பந்தான் முனிசிபாலிட்டிக்காரவ தண்ணி எறைக்கிற மோட்டாரக் கழட்டிட்டுப் போயிட்டாவ."

"ஏன்?"

"மறுநாளு பெரிய ஆபீசர் வாராவளாம். அவுக நிக்கிற ரோட்டுல தண்ணி கெடக்கக் கூடாதாம். மோட்டார் போனதும் ஓடைத் தண்ணி திரும்ப ஏறிட்டு. கட்டில் நனைஞ்சுபோச்சு. பச்சப்புள்ளய அடுப்பு மேடையில வச்சிகிட்டுச் சுத்தி நின்னோம்."

நடந்ததைச் சொல்லும் சாதாரணக் குரலில்தான் சொன்னாள். பிறகு, யாரையோ குறை சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது போல, "அவுகளைச் சொல்லி என்ன செய்ய? அவுக உதவிக்குத்தான வந்திருப்பாவ" என்றாள்.

சிதம்பரதாணுவுக்குக் காது மடல் சுட்டது. அந்த ரோட்டில் வைத்து அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். கழுத்தை வாகாகத் தாழ்த்திக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. வந்த ஆபீசர் இவர்தான் என்று உலகம்மை சொல்லிவிடுவாரோ என்று பயந்தார். உலகம்மை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று பட்டது. தானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். பிறகு வேட்டியை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டார்.

தெருவின் அடுத்த கோடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பள்ளத்துக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில், பனியனோடு ஒருவர் நின்றார். தண்ணீரை இழுக்கும் குழாயின் வாயைக் கையில் பிடித்திருந்தார். மிதந்து வரும் பிளாஸ்டிக் பைகள் அதில் போய் அடைத்துக்கொள்ளாமல் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். ஆணையர் சேர்மதுரை.

"எனக்காகத்தானே அவர் மோட்டாரைக் கழட்டினார். நான் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார் சிதம்பரதாணு.

"இப்பவா?"

"இப்பவேம்மா. தள்ளிப்போட்டா எனக்கு மனசு வராது."

உலகம்மை தடுக்கவில்லை.

சிதம்பரதாணு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பாதி தூரத்திலேயே சேர்மதுரை அவரைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த குழாயைப் போட்டார். இரண்டு கைகளையும் பனியனில் துடைத்துக்கொண்டு வேகமாக எதிரே வந்தார். மோட்டாரின் மறுபக்கம் நின்ற இரண்டு பணியாளர்களும் வேலையை விட்டு விறைப்பாக நின்றார்கள்.

"சார், நீங்க வர்றது தெரியாது சார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தத் தெருவையும்..." என்று இழுத்தார் சேர்மதுரை.

குழாயின் வாயில் பை ஒன்று போய் ஒட்டிக்கொண்டது. மோட்டார் இருமியது, திணறியது, நின்றது. அதுவரை அந்தச் சத்தத்தில் கேட்காமலிருந்த குழந்தையின் அழுகை இப்போது தெளிவாகக் கேட்டது.

"சேர்மதுரை, நான் வந்தது..."

"மன்னிச்சிருங்க சார். என் தப்புதான் சார்."

"இல்லய்யா, நான்தான்..."

"இல்ல சார், இல்ல சார். என் தப்பு."

சிதம்பரதாணு அவரைத் தாண்டிப் போய்க் குனிந்து, தண்ணீருக்குள் துழாவி, குழாயைத் தூக்கினார். ஒட்டியிருந்த பையைப் பிய்த்தார். மூன்று பேரும் பதறி ஓடி வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினார்கள். வாங்கியவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்து நின்றார்கள். மோட்டார் பக்கம் யாரும் போகவில்லை.

பின்னால் ஏதோ நகரும் சத்தம் கேட்டுத் திரும்பினார். பாத்துமுத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணீரில் இழுத்து வந்திருந்தாள். அதன் மேல் மடித்து வைத்திருந்த குழந்தைத் துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள்.

"உக்காருங்க சார்" என்றாள். சற்று முன்பு முகம் பார்த்துப் பேசியவள் இப்போது தண்ணீரைப் பார்த்தாள்.

அவரால் உட்காரவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. நாற்காலியின் கைப்பிடியை ஒரு முறை தொட்டுவிட்டு, "நான் கிளம்புறேன்" என்றார்.

அவர்கள் சந்து திரும்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது.

பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. ஈர வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. அதன் முனையைப் பிழிந்துகொண்டே சிதம்பரதாணு பேசினார்.

"மன்னிப்புக்கூட கேக்க முடியலையேம்மா."

"கேட்டிருந்தா அவர் என்ன சொல்லியிருப்பார்?"

"பரவாயில்ல சார்னு சொல்லியிருப்பார்."

"அதை வாங்கிட்டு வரத்தான் போனீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இனிமே எந்த ஊருக்கும் போகாம இருந்துடட்டுமா?"

"போகலைன்னா போன் பண்ணுவீங்க. போனை எடுக்கவும் அவருக்கு ஒரு கை வேணுமே."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது.

"இத்தனை வருஷத்துல, உங்களைப் பாத்தும் கையில இருந்த வேலையை விடாத ஆள் ஒருத்தர்கூட இருந்ததில்லையா ஐயா?" என்று உலகம்மை கேட்டார்.

அவர் யோசித்தார். யோசிக்க அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. சொல்லத்தான் நேரம் பிடித்தது.

"ஒருத்தர் இருந்தார். பரமார்த்தலிங்கம்னு ஒரு உதவிப் பொறியாளர். குடிதண்ணிக் குழாய் உடைஞ்சு, குழிக்குள்ள நின்னு வேலை பாத்துக்கிட்டிருந்தார். நான் மேல நிக்கிறேன். நிமிர்ந்து பாத்துட்டு, ரெண்டு நிமிஷம் சார், இதை முடுக்கிட்டு வந்துடுறேன்னார். தண்ணி நிக்கிற வரைக்கும் ஏறி வரவே இல்ல."

"இப்ப எங்க இருக்கார்?"

பஸ் வந்து நின்றது. சிதம்பரதாணு ஏறவில்லை.

"மலை மேல ஒரு ஊருக்கு மாத்திட்டேன்" என்றார். "மரியாதை தெரியலைன்னு."

உலகம்மை படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"முதல்ல அவரைப் போய்ப் பாருங்க ஐயா. அங்க நீங்க போனா எந்த வேலையும் நிக்காது."