பேச்சி பிடுங்கின கனகாம்பரம்

ஒரு ஊர்ல ஒரு பேச்சி இருந்தா. அவ ஒரு இடத்துல நின்னு யாருமே பார்த்ததில்லை. அடுப்புல பாலை வச்சிட்டு வாசலுக்கு ஓடுவா, வாசல்ல கோலத்தைப் பாதியில விட்டுட்டு அடுப்புக்கு ஓடுவா. கை சும்மா இருக்காது, காலும் சும்மா இருக்காது. கேக்குறியா கண்ணு?

ம்.

அந்தப் பேச்சிக்கு வடிவுன்னு ஒரு மக, மூணு வயசு. தை மாசத்துல அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டுருச்சு. உடம்பு கொதிக்குது, கண்ணே திறக்கலை. அப்போ பேச்சி வேப்பிலையைக் கையில வச்சுக்கிட்டு, "மாரித்தாயே, என் பிள்ளையை எனக்குக் கொடு. நான் என் கையால செடி வச்சு, என் கையால தண்ணி ஊத்தி, என் கையால கட்டி, ஆடி கடைசி வெள்ளிக்கு ஒரு முழம் கனகாம்பரம் உனக்குச் சாத்துறேன்"னு வேண்டிக்கிட்டா. அப்புறம் ஒன்பதாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பசிக்குது"ன்னுச்சு.

தாய் கொடுத்துட்டா. இனிமே பேச்சிதானே கொடுக்கணும்?

கனகாம்பரம் பார்த்திருக்கே இல்ல? வாசனை கிடையாது. ஆனா அடுப்புத் தணலை ஊதினா ஒரு நிறம் வருமே, அந்த நிறம். இலை வருசம் பூரா பச்சைப் பசேல்னு மினுங்கும். பேச்சி வீட்டுல மண்ணே கிடையாது, முற்றமெல்லாம் சிமெண்ட்டு. பக்கத்து வீட்டு ஆவுடையக்கா வீட்டுல மண்ணு உண்டு. அந்தக்கா தனி ஆள். வாய் நீளம், கை அதை விட நீளம், அதாவது கொடுக்கிற கை. கிணத்தடியில ஒரே ஒரு கனகாம்பரம் வச்சு, பிள்ளை மாதிரி வளர்த்தா.

பேச்சி போய்க் கேட்டா. "அக்கா, ஒரு குச்சி தாங்கக்கா."

"இந்தா, வச்சுப் பொழைக்க வை"ன்னு ஆவுடையக்கா ஒடிச்சுக் கொடுத்தா.

பேச்சி அதை ஒரு பழைய பெயிண்ட் டப்பாவுல நட்டா. அடியில ஓட்டை போடணும்னு தோணலை. காலையில ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, சளப் சளப்னு ஊத்தினா. நடுவுல மனசு கேக்காம இன்னும் ஒரு கை. பத்தாம் நாள் குச்சி கொழகொழன்னு அழுகிப் போச்சு.

அப்புறம் பங்குனியில தள்ளுவண்டிச் செடிக்காரர்கிட்ட ஒண்ணு வாங்கினா. இந்தத் தடவை தண்ணியைக் குறைச்சா. ஆனா வெயில் பட்டாத்தான் பூக்கும்னு மொட்டை மாடியில, கால் வைக்க முடியாத சூட்டுல கொண்டு போய் வச்சா. போதாததுக்குத் தினமும் ஒரு தடவை செடியைத் தூக்கித் தூக்கி, வேர் விட்டிருக்கான்னு பார்த்துட்டு மறுபடி நட்டா! செடி என்ன செய்யும் பாவம்? மொறுமொறுன்னு அப்பளம் மாதிரி ஆயிருச்சு.

சிரிக்கிறியா? சிரி. அவ அழுதுக்கிட்டிருந்தா.

அப்போ கீரைக்காரம்மா கூடையை இறக்கி வச்சிட்டுச் சொன்னாங்க, "நீ கேட்டு வாங்கினே, காசு கொடுத்து வாங்கினே. அப்படி வாங்கின செடி எங்க வரும்? ஆளுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்து நடணும். அதுதான் பிடிக்கும்."

உலகத்துல பாதிப் பேரு நம்புற விசயம் அது. பேச்சியும் நம்பிட்டா. சித்திரை மாசத்து உச்சி வெயில். ஆவுடையக்கா ரேசன் கடைக்குப் போயிருக்கா. பேச்சி சுவரைத் தாண்டினா, தொம்முன்னு குதிச்சா. குச்சி ஒடிக்கத்தான் போனா. ஆனா அந்தக் கைக்குத்தான் பொறுமை கிடையாதே? அடியில முளைச்சிருந்த பக்கக் கன்றைப் பிடிச்சு, வெடுக்! வேரோட பிடுங்கிக்கிட்டு ஓடி வந்துட்டா.

வந்து எங்க வைக்கிறது? ஆவுடையக்கா மாடியில நின்னா முற்றம் முழுக்கத் தெரியும். அதனால விரிசல் விட்ட ஒரு மண்தொட்டியைத் தேடி எடுத்து அதுல நட்டு, தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஒளிச்சு வச்சா. அங்க காலை வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்துட்டுப் போயிடும், அவ்வளவுதான். ம் சொல்லு.

ம்.

அங்க ஆவுடையக்கா செடி என்னாச்சு தெரியுமா? பக்கக் கன்றைப் பிடுங்கினதுல தாய்ச்செடியோட வேரும் அறுந்து போச்சு. நாலே நாள்ல வாடிச்சு, ஒரு வாரத்துல காய்ஞ்சுருச்சு. ஆவுடையக்கா கிணத்தடியில நின்னு கத்தினா. "எவட்டி அவ? ஒரு வார்த்தை கேட்டா கொடுத்திருப்பேனே! எவ கைட்டி அது?"

பேச்சி இந்தப் பக்கம் தோசை சுட்டுக்கிட்டிருந்தா. தோசையைத் திருப்ப மறந்துட்டா. தோசை கருகிப் போச்சு.

அதுல இருந்து அவளுக்கு நிலை கொள்ளலை. சுவர் பக்கம் சத்தம் வந்தா திடுக்குன்னு தூக்கிப் போடும். செடிகிட்டப் போகவே பயம். மூணு நாளைக்கு ஒரு தடவை, விடியுறதுக்கு முன்னால, பூனை மாதிரி போய் ஒரு சொம்பு ஊத்திட்டு ஓடி வந்துடுவா. தொட மாட்டா, தூக்கிப் பார்க்க மாட்டா.

அந்தச் செடி இருக்கே, அது திகுதிகுன்னு வளர்ந்துச்சு. இலை விட்டுச்சு, கிளை விட்டுச்சு, ஆனியில கதிர் விட்டுச்சு. ஆடியில பூத்துச்சு பாரு!

ஆடி கடைசி வெள்ளியும் வந்துச்சு. மூணு நாளாப் பறிச்ச பூவை ஈரத்துணியில சுத்தி வச்சிருந்தா. ஒரு தொட்டிப் பூ ஒரு முழத்துக்குக் காணுமா? நடுநடுவுல மரிக்கொழுந்து வச்சுக் கட்டினா. சரியா ஒரு முழம். தட்டுல வச்சுக்கிட்டுக் கிளம்பினா.

தெருக்குழாய் வரைக்கும் போனா. ‘என் கையால செடி வச்சுன்னு சொன்னேனே, இந்தக் கையாலதானே பிடுங்கினேன்’னு தோணுச்சு. திரும்பி வந்துட்டா.

முகத்தைக் கழுவிட்டு மறுபடி போனா. டீக்கடை வரைக்கும் போனா. ‘திருடின பூவை எப்படிம்மா உன் தலையில வைப்பேன்?’ திரும்பி வந்துட்டா.

மூணாவது தடவை கோயில் படி வரைக்கும் போயிட்டா. உள்ள பாலாபிசேகம் நடக்குது. இன்னும் ஒரே ஒரு படிதான். கால் எழும்பலை கண்ணு. ‘கொடுக்கலைன்னா வேண்டுதல் பொய். கொடுத்தா பூ பொய். நான் என்ன செய்வேன் தாயே?’ன்னு நின்னா. நின்னு பழக்கமில்லாதவ, முதல் தடவையா நின்னா.

அப்புறம் விறுவிறுன்னு வீட்டுக்கு வந்து, தொட்டியை இடுப்புல தூக்கிக்கிட்டு, தட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு, ஆவுடையக்கா கதவைத் தட்டினா. டொக், டொக், டொக்.

"அக்கா, அந்தக் கை என் கைதான்க்கா."

ஆவுடையக்கா தொட்டியைப் பார்த்தா. பூவைப் பார்த்தா. பேச்சியைப் பார்த்தா. படார்னு கதவைச் சாத்திட்டா.

பேச்சி தொட்டியை வாசல்ல இறக்கி வச்சா. பூத்தட்டையும் பக்கத்துல வச்சா. போகவும் முடியலை, இருக்கவும் முடியலை. அங்க கோயில்ல மணி டணார் டணார்னு அடிக்க ஆரம்பிச்சுருச்சு. அடிச்சு முடிஞ்சா நடை சாத்திடுவாங்க.

அப்போ கிரீச்னு கதவு திறந்துச்சு. ஆவுடையக்கா வேற சேலை கட்டி, தலையைச் சீவிக் கொண்டை போட்டுக்கிட்டு நிக்கிறா.

"என்னட்டி மரம் மாதிரி நிக்க? நட. அடைச்சிடப் போறான்."

"அக்கா, பூ..."

"செடி என்னுது. தண்ணி நீ ஊத்தினது. அந்த முனையை நீ பிடி, இந்த முனையை நான் பிடிக்கேன்."

ஒரு முழப் பூவை ஆளுக்கு ஒரு முனையாப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் தெருவுல ஓடினாங்க. டீக்கடையில எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க.

ஓடுற ஓட்டத்துலயே ஆவுடையக்கா கேட்டா, "ஏட்டி, எங்க வச்சு வளர்த்தே?"

"தண்ணித்தொட்டிக்குப் பின்னாலக்கா. நிழல்ல."

"எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்துனே?"

"மூணு நாளைக்கு ஒரு சொம்புக்கா. கிட்டப் போகவே பயம்."

"தொட்டியில ஓட்டை இருக்கா?"

"விரிசலே இருக்குக்கா."

ஆவுடையக்காவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. மூச்சு வாங்குது, சிரிக்கவும் செய்றா. "அட கூறு கெட்டவளே! திருடினதுனாலயா வந்துச்சு? பயத்துல நீ அதைச் சும்மா விட்டே பாரு, அதனால வந்துச்சு. அதுக்கு நிழல் வேணும், வடிகால் வேணும், உன் கை அதுமேல படாம இருக்கணும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா என் செடியும் இருந்திருக்கும்ல?"

சிரிச்சுக்கிட்டே வந்தவ அந்தக் கடைசி வார்த்தையில அழுதுட்டா. பேச்சியும் அழுதா. ஆனா ரெண்டு பேரும் பூவை விடலை. பூசாரி திரையை இழுக்கப் போன நேரத்துல போய்ச் சேர்ந்தாங்க.

"இது யாரு பேருக்கும்மா?"ன்னு பூசாரி கேட்டாரு.

பேச்சி வாயைத் திறக்குறதுக்குள்ள ஆவுடையக்கா சொன்னா, "வடிவு பேருக்கு. பிள்ளை நல்லா இருக்கணும்."

சாமி தலையில பூ ஏறுச்சு. தணல் மாதிரி மினுங்குச்சு.

அப்புறம் ரெண்டு பேருமா தொட்டியைக் கொண்டு போய்க் கிணத்தடி நிழல்ல, தாய்ச்செடி இருந்த அதே இடத்துல செடியை இறக்கி நட்டாங்க. "இனி பத்து நாளைக்கு நீ இந்தப் பக்கமே வரப்படாது. பாக்கவும் கூடாது"ன்னு ஆவுடையக்கா கண்டிப்பாச் சொல்லிட்டா.

பேச்சி வீட்டுக்கு வந்தா. அடுப்பைப் பார்க்க ஓடலை, வாசலைப் பார்க்க ஓடலை. வடிவு பக்கத்துல படுத்தா. ரெண்டு கையும் பிள்ளை மேல. அன்னைக்குத்தான் அந்தக் கை ரெண்டும் அசையாம கிடந்துச்சு.

ம் சொல்லலையே நீ? சரி, சொல்ல வேண்டாம். பேச்சி தூங்கிட்டா, வடிவு தூங்கிட்டா, கதையும் கண்ணை மூடிக்கிச்சு. தாயே, எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கோ. நீ தூங்கு கண்ணு.