உறங்கும் கணினியும் நொய்யன் எலியும்

ஒரு காட்டில், ஆற்றங்கரைக்குச் சற்று மேலே, ஆள் இல்லாத குடில் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு கணினி உறங்கிக்கொண்டிருந்தது.

சும்மா உறங்கவில்லை, குழந்தைகளே. அதன் கம்பி ஒன்று ஆற்றுக்குள் இறங்கியிருந்தது. ஆற்றின் நடுவே ஒரு பாறை, அந்தப் பாறையில் ஒரு சிவப்புக் கோடு. வெள்ளம் கோட்டைத் தொட்டால் கணினி தானே விழித்துக்கொண்டு கூரைமேல் இருக்கும் சங்கை மூன்று முறை ஊதும். கரையில் வாழும் முயல்களும் கீரிகளும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாறைக்கு ஏறிவிடும். போன மழையில் அப்படித்தான் எல்லாம் பிழைத்தன.

வெயில் அடித்தால் கூரைத் தகட்டின் வழியாகக் கணினியின் பேட்டரி நிரம்பும். மழைக்காலத்தில் வெயில் ஏது? இருப்பதை வைத்துக்கொண்டு உறங்கினால்தான் உண்டு. பேட்டரியின் மேல் நான்கு பச்சை விளக்குகள் எரியும். பலம் குறையக் குறைய ஒவ்வொன்றாக அணையும். நான்கும் அணைந்துவிட்டால் வெள்ளம் வந்தாலும் சங்கு ஊதாது.

அந்தக் குடிலின் கூரை இடுக்கில் நொய்யன் என்றோர் எலி இருந்தது. நொய்யரிசி போலச் சிறியதாகப் பிறந்ததால் அம்மா வைத்த பெயர். மழை தொடங்கிய முதல் வாரத்தில் எலிக் குடும்பத்தின் வளை இடிந்து விழுந்தது. இரை தேடப் போயிருந்த நொய்யன் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை.

ஒரு நாள் பிற்பகல் மேசைமேல் ஓடும்போது அதன் கால் கணினியின் சுட்டிமேல் பட்டது. சுட்டி லேசாக நகர்ந்தது. அவ்வளவுதான், கணினி விழித்துக்கொண்டது. குடில் முழுவதும் நீல வெளிச்சம்.

"யார் நீ? உன் பெயர் என்ன?" என்று கணினி கனிவாகக் கேட்டது.

நொய்யன் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது. "என்னையா கேட்கிறாய்?"

கணினி காத்திருந்தது.

"என் பெயர் நொய்யன்" என்றது எலி. சொல்லிவிட்டு இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தது. கணினி இன்னும் சற்றுநேரம் காத்திருந்துவிட்டு மீண்டும் உறங்கிப்போனது.

மறுநாளும் நொய்யன் சுட்டியை நகர்த்தியது. கணினி பெயர் கேட்டது. நொய்யன் பெயரைச் சொன்னது, கூடவே மழையைப் பற்றியும் ஒழுகும் கூரையைப் பற்றியும் கொஞ்சம் சொன்னது. அதற்கு மறுநாள் நான்கு முறை எழுப்பியது. பிறகு எண்ணிக்கையே இல்லை.

கரைக்குக் காவல் நீர்நாய். தினமும் ஒரு நடை வந்து பச்சை விளக்குகளைப் பார்த்துவிட்டுப் போவது அதன் வழக்கம். அன்று வந்து பார்த்தால் இரண்டுதான் எரிந்தன. மேசைமேல் நீல வெளிச்சத்தில் ஓர் எலி உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தது.

"அங்கே என்னடா செய்கிறாய்?"

"பேசிக்கொண்டிருக்கிறேன், அண்ணே."

"யாரோடு?"

"இதோடுதான்."

"நீ பேசிப் பேசி இரண்டு விளக்கைத் தின்றுவிட்டாய். வெள்ளம் வரும்போது சங்கை நீயா ஊதுவாய்? கரையில் முயல் குட்டி போட்டிருக்கிறது, தெரியுமா? ஆறு குட்டி. இன்னும் கண் திறக்கவில்லை."

"அதுவாகத்தானே அண்ணே கேட்கிறது? ஒருவர் பெயர் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால் மரியாதையா?"

நீர்நாய்க்கு வாதம் செய்து பழக்கம் இல்லை. சுட்டியைத் தூக்கி மல்லாக்கப் போட்டுவிட்டுப் போய்விட்டது. மல்லாந்து கிடந்த சுட்டியை நொய்யன் தட்டியது, தள்ளியது, அதன்மேல் ஏறிக் குதித்தது. கணினி கண் திறக்கவில்லை.

அந்த ஒரு நாளை நொய்யனால் தாங்க முடியவில்லை. எங்கிருந்தோ ஒரு குச்சியைக் கடித்து இழுத்து வந்தது. சுட்டிக்கு அடியில் கொடுத்து, முதுகால் முட்டி முட்டி, மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் அதை நிமிர்த்திவிட்டது.

"யார் நீ? உன் பெயர் என்ன?"

"நொய்யன்தான். நேற்று பேச்சு பாதியில் நின்றுவிட்டது. கோபித்துக்கொள்ளாதே" என்றது எலி. பொழுது சாயும் வரை பேசியது. மூன்றாவது விளக்கும் அணைந்தது.

நீர்நாய் வந்து பார்த்தது. இந்த முறை ஒன்றும் திட்டவில்லை. வாசலில் நின்று, "சாரைப்பாம்பைக் கூட்டி வருகிறேன். எலி சமாசாரத்தை அது பார்த்துக்கொள்ளும்" என்றது.

நொய்யன் கூரை இடுக்கில் ஒடுங்கியது.

அப்போது வாசலில் முள்ளம்பன்றி வந்து நின்றது. முள்ளுக்குப் பயந்து யாரும் அதன் பக்கத்தில் போவதில்லை. அதனால் அதற்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது.

"ஒரு நாள் பொறு. நான் நிறுத்துகிறேன்" என்றது முள்ளம்பன்றி.

"எப்படி?"

"கணினியை ஒரே ஒரு முறை எழுப்ப வேண்டும்."

"இருப்பதே ஒரு விளக்குதான், முள்ளி. விளையாடுகிறாயா?"

"இல்லை. பாம்பு இந்த எலியை விழுங்கிவிடும். நாளைக்கு முயல் குட்டிகளைத் தேடி வரும். அப்புறம்?"

நீர்நாய் முணுமுணுத்துக்கொண்டே ஆற்றுக்கு இறங்கியது.

முள்ளம்பன்றி உள்ளே வந்தது. வாசலில் கிடந்த நெல்லிக்காய் ஒன்றைக் கவ்வி வந்திருந்தது. அதைத் தரையில் வைத்துவிட்டு மேலே பார்த்தது. "நொய்யா, அங்கேதான் இருக்கிறாயா?" எலி கணினியிடம் சொன்ன பெயரை அது வெளியே நின்று கேட்டிருந்தது.

"இருக்கிறேன், அக்கா."

"கணினி உன் நண்பன் என்கிறாயாமே?"

"ஆமாம். அது தினமும் என் பெயரைக் கேட்கும்."

"நேற்று கேட்டதா?"

"கேட்டது."

"முந்தாநாள்?"

"கேட்டது." எலி சற்றுத் தயங்கியது. "அதற்கு என் பெயர் பிடித்திருக்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது."

"இருக்கட்டும். இப்போது நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அங்கேயே இருந்து பார்."

முள்ளம்பன்றி நெல்லிக்காயைக் கவ்விக்கொண்டு, முன்கால்களை மேசைமேல் ஊன்றி எழும்பியது. காயை மேசையில் வைத்து மூக்கால் ஒரு தள்ளு தள்ளியது. காய் உருண்டு போய்ச் சுட்டிமேல் முட்டி நின்றது. முள்ளம்பன்றி கீழே இறங்கி ஒதுங்கிக்கொண்டது.

கணினி விழித்தது. நீல வெளிச்சம் நெல்லிக்காய்மேல் விழுந்தது.

"யார் நீ? உன் பெயர் என்ன?"

அதே குரல். அதே கனிவு.

நொய்யன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. கணினி காத்திருந்தது. எலிக்காக எவ்வளவு நேரம் காத்திருந்ததோ, சரியாக அவ்வளவு நேரம் நெல்லிக்காய்க்காகவும் காத்திருந்தது.

"அது நெல்லிக்காய்" என்று மேலிருந்து சொன்னது நொய்யன். யாருக்குச் சொன்னது என்று அதற்கே தெரியவில்லை.

கணினி உறங்கிப்போனது. கடைசிப் பச்சை விளக்கு அணையவில்லை, ஆனால் மினுக்கத் தொடங்கியிருந்தது.

முள்ளம்பன்றி வெளியே போய்விட்டது.

நொய்யன் கீழே இறங்கியது. நெல்லிக்காயை மெதுவாகச் சுட்டியிலிருந்து விலக்கிக் கீழே தள்ளிவிட்டது. கணினியின் இருண்ட முகத்தின் முன்னால் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தது. வெறும் கண்ணாடி. அதில் ஓர் எலி தெரிந்தது, அதுவும் சரியாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து நொய்யன் மேசைமேல் கால் வைக்கவில்லை. மூன்று நாள் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தது. அந்த மூன்று நாளும் அது ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் தன் குரல் தனக்கே கேட்குமே என்று பயமாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் ஆறு சிவப்புக் கோட்டைத் தொட்டது.

யாரும் தொடாமல் கணினி விழித்தது. யாரிடமும் பெயர் கேட்கவில்லை. சங்கு ஒரு முறை ஊதியது. இரண்டாம் முறை கொஞ்சம் கம்மலாக ஊதியது. மூன்றாம் முறை பாதியில் அறுந்தது. விளக்கு அணைந்தது.

அது போதுமானதாக இருந்தது. கீரிகள் ஓடின. முயல் தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ஆறு நடை ஏறி இறங்கியது. ஆறாவது குட்டியைத் தூக்கிய இடத்தில் அடுத்த நொடி தண்ணீர் சுழித்தது. நொய்யன் நனைந்துபோய், எல்லாருக்கும் பின்னால், மேட்டுப்பாறைக்கு வந்து சேர்ந்தது.

பாறைமேல் எல்லாம் கூட்டம் கூட்டமாக ஒட்டி உட்கார்ந்திருந்தன. நொய்யனை யாரும் திட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. நீர்நாய் மட்டும் முள்ளம்பன்றியிடம் போய், "பெரிய காரியம் செய்தாய், முள்ளி. எப்படித்தான் நிறுத்தினாய்?" என்று கேட்டது.

"அதை விடு" என்றது முள்ளம்பன்றி. நீர்நாய் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் கூட்டத்திடம் போனது.

பாறையின் ஓரத்தில், சுற்றிலும் இடம் காலியாக, முள்ளம்பன்றி தனியாக உட்கார்ந்திருந்தது. நொய்யன் இரண்டடி வந்து நின்றது. இன்னும் இரண்டடி வந்தது.

"இங்கே உட்காரலாமா, அக்கா?"

முள்ளம்பன்றி திரும்பிப் பார்க்கவில்லை. "தள்ளி உட்கார். முள் குத்தும்."

நொய்யன் தள்ளி உட்கார்ந்தது. மழை வலுத்தது. கீழே குடிலின் வாசற்படி தண்ணீருக்குள் போனது. நொய்யன் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

"அவ்வளவு தள்ளி வேண்டாம்" என்றது முள்ளம்பன்றி.

நீதி: ஊரைக் காக்க உறங்குபவரை உன் தனிமைக்காக எழுப்பாதே, துணை வேண்டுமானால் விழித்திருப்பவரிடம் போ.