பல்லக்குத்தூக்கி இருந்த பத்தியம்

எங்கள் ஜமீன்தாருக்கு ஓயாத தசைவலி. நொச்சியிலை ஒத்தடமும், எண்ணெய்ப் பலகாரம் தொடாத பத்தியமும்தான் மருந்து என்றார் வைத்தியர்.

ஜமீன்தார் கனைத்தார். பல்லக்குத்தூக்கியான எனக்கும் அந்தக் கனைப்பு அச்சு அசலாக வரும், அவர் ஊரில் இல்லாதபோது.

"ஏலே சொடலை, ஒத்தடம் எனக்கு, பத்தியம் உனக்கு. பத்து நாள்ல என் வலி போகலேன்னா உன் வேலை போச்சு."

தின்பதைத் தவிர வேறு திறமையில்லாத நான் கஞ்சி குடித்தேன். அவருக்கு ஒத்தடம் கொடுத்து மிஞ்சிய சூட்டு இலையை என் தோளில் வைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் ஜமீன்தார் அதிரசம் மென்றபடி, "வலி அப்படியே இருக்கேலே" என்றார்.

"மருந்து பலிச்சிருச்சு எசமான். பல்லக்குத் தூக்கி வந்த என் தோள்வலி போயிருச்சு. பத்தியம் இருந்த உடம்பைத்தானே வலி விடும்?"

வைத்தியர் சிரித்துக்கொண்டே அதிரசத் தட்டை எடுத்துக்கொண்டார். ஜமீன்தார் மறுபடி கனைத்தார்.

"சரிலே, நாளையிலேருந்து நானே பத்தியம் இருக்கேன். துணைக்கு நீயும் இரு."

வேலையைக் காப்பாற்றிய வாய்க்கு இன்னும் பத்து நாள் கஞ்சி.