சங்கிலியின் நெற்றிக்காசு

ஆற்றில் தண்ணீரும் அரசர்களிடம் பைத்தியமும் குறையாமல் இருந்த ஒரு காலத்தில், செம்மணல் நாட்டைக் கொற்றவேல் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்குத் தப்புக் காசுகள் மேல் பைத்தியம். பொன்னில் அடிக்க வேண்டியதைக் கைமறதியாகச் செம்பில் அடித்துவிட்டார்களா, கொண்டுவா என்பான். நல்ல காசைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

நாணயச்சாலையில் சுத்தியல் பிடித்த சங்கிலி என்பவன் ஒருமுறை பொற்காசு அச்சை இரும்புத் தகட்டில் அடித்துவிட்டான். உலகத்திலேயே அப்படி ஒன்றுதான். அவன் செத்தபோது நெற்றியில் வைக்க வீட்டில் வேறு காசு இல்லாததால், மனைவி மூக்காயி அதையே வைத்துப் புதைத்துவிட்டாள். சேதி ராஜா காதுக்குப் போனதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. குழியைத் தோண்டச் சொன்னான்.

மூக்காயி ஓடிவந்து காலில் விழுந்தாள். "சாமி, உசுரோட இருந்தவரைக்கும் அந்த மனுசன் கண்ணசரல. இப்பத்தான் தூங்குறாரு. எழுப்பிராதீங்க."

ராஜா கேட்கவில்லை. அமைச்சர் இளங்காரி சொல்லியும் கேட்கவில்லை. அமைச்சர் பதவி மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த வடிவுநம்பி, தானே போய் எடுத்துவருவதாக முன்வந்தான்.

மறுநாள் காலை சபையில் நம்பி காசை நீட்டினான். அதில் அச்சடித்த ராஜாவின் முகம் கறுத்துக் கிடந்தது. சபை ஓரத்தில் நின்ற மூக்காயி சத்தமில்லாமல் அழுதாள்.

பிணத்தின் நெற்றியில் அது எப்படி இருந்ததென்று அரசர் பார்க்க வேண்டாமா, நம்பி படுத்துக் காட்டட்டுமே என்றார் இளங்காரி. நம்பி சிரித்துக்கொண்டே படுத்து, காசை நெற்றியில் சந்தனத்தால் ஒட்டிக்கொண்டான். அவன் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டச் சொன்னார் அமைச்சர். தலைமாட்டில் விளக்கு வைத்தார்கள். சங்கு ஊதினார்கள். பட்டப்பகலில் சபை இழவு வீடாகிவிட்டது. எல்லோருக்கும் முதுகு சில்லிட்டது. நம்பி மட்டும் சுகமாகக் கிடந்தான்.

அப்போது இளங்காரி மடியிலிருந்து, மண் அப்பிய இன்னொரு வட்டத் தகட்டை எடுத்தார்.

"நம்பி, உமக்கு முன்னாலேயே நான் குழிக்குப் போய்விட்டேன். சங்கிலியின் நெற்றியில் இருந்தது இதுதான். அதை எடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளும்."

நம்பி கட்டிய காலோடு துள்ளி உருண்டான். "வேண்டாம், கிட்டே கொண்டுவராதீர். அது பிணத்துக் காசு."

"அப்படியென்றால் இவ்வளவு நேரம் உம் நெற்றியில் இருந்தது?"

நம்பி இடுகாட்டு வேலியைத் தாண்டவே பயந்து, நாணயச்சாலையில் புதிதாக ஒன்று அடித்து வாங்கியதை ஒப்புக்கொண்டான்.

இளங்காரி ராஜாவிடம் திரும்பினார். "அரசே, தாங்கள் ஆசைப்பட்டது. இந்த மண்ணுக்கு அடியில் இருப்பது தங்கள் முகம். வாங்கிக்கொள்ளுங்கள்."

ராஜா நீட்டிய கை பாதியில் நின்றது. அந்த முகம் இத்தனை நாள் இருட்டுக்குள் யாரோடு கிடந்தது என்று நினைத்தானோ என்னவோ, குப்பென்று வேர்த்தது. எங்கே இருந்ததோ அங்கேயே போய்ச் சேரட்டும் என்று முனகினான். இனி எவனும் அந்தக் குழியைத் தொடக்கூடாது என்று ஆணையிட்டான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். இடுகாட்டுக் காவல் அன்றைக்கே நம்பிக்கு வந்துசேர்ந்தது.

வெளியே மூக்காயி அமைச்சரின் வழியில் வந்து நின்றாள். "ஐயா, நீங்களுமா தோண்டுனீங்க?"

"இல்லை தாயே. இது எங்கள் மாட்டுக்கொட்டில் கதவிலிருந்து கழன்ற தகடு. உன் புருஷனை யாரும் எழுப்பவில்லை."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். எல்லாம் தெரிந்த மனிதர்தான் இளங்காரி. ஆனாலும் அந்தத் தகட்டை மறுபடி மடியில் வைக்க மனம் வராமல் ஆற்றில் எறிந்துவிட்டு, தலைமுழுகிய பிறகுதான் வீட்டுப்படி ஏறினார்.